மூடிய சபைகளில் வாய்திறக்கும் பெண்கள்: எங்கள் வாசிப்புக் குழுவில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிங்கப்பூரில் மாதம் ஒருமுறை கூடும் எங்கள் வாசிப்புக் குழு இந்த ஆண்டு முழுக்க ஒரே வகைக் கதைகளை எடுத்துக்கொண்டிருக்கிறது. மதத்தின் பெயரால் இறுக மூடிக்கிடக்கும் சமூகங்களில், தங்களுக்கு இழைக்கப்படும் கொடுமையைப் பெண்கள் எதிர்கொள்ளும் கதைகள். அறிவிப்பு போட்டதிலிருந்து வாட்ஸ்அப்பில் கேள்விமேல் கேள்வி. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் தட்டிக் கட்டை விரல் வலிக்கிறது; அதனால் எல்லாவற்றையும் இங்கே சேர்த்து எழுதிவிட்டேன். பதில்கள் என்னுடையவை. குழுவில் மற்றவர்கள் என்னோடு சண்டைக்கு வரலாம், வருவார்கள்.

எதற்கு இவ்வளவு கனமான விஷயம்? வார இறுதியில் மனசு லேசாக இருக்க வேண்டாமா?

லேசான புத்தகங்களைப் போன வருடம் படித்தோம். தவிர, இந்தக் கதைகளில் சிரிப்புக்குப் பஞ்சமே இல்லை. நாலு பெண்கள் ஒரு மூலையில் உட்கார்ந்து பேசத் தொடங்கினால் அங்கே கேலி இல்லாமலா போகும்?

முதல் புத்தகமாக 'விமன் டாக்கிங்' நாவலை ஏன் வைத்தீர்கள்? அது உண்மைக் கதையா?

உண்மையில் நடந்த ஒன்றிலிருந்து பிறந்த கற்பனை. பொலிவியாவில் மானிடோபா காலனி என்று ஒரு மெனோனைட் கிறிஸ்துவக் குடியிருப்பு இருக்கிறது. வெளியுலகத்தோடு ஒட்டாமல் வாழ்கிறவர்கள். பேசுவது பிளாட்டீச் என்ற பழைய ஜெர்மன் கிளைமொழி. பெண்களுக்கு நாட்டு மொழியான ஸ்பானிஷ் தெரியாது. 2005 முதல் 2009 வரை அங்கே பெண்கள் காலையில் கண்விழிக்கும்போது உடம்பெல்லாம் வலி, படுக்கையில் ரத்தம், இரவு நடந்தது எதுவும் நினைவில்லை. பேய் பிசாசின் வேலை என்றார்கள், செய்த பாவத்துக்குத் தண்டனை என்றார்கள், பொய் சொல்கிறாள் என்றார்கள். கடைசியில், ராத்திரி ஒரு வீட்டுக்குள் நுழையப் பார்த்தவர்கள் பிடிபட்டபோதுதான் தெரிந்தது: மாடுகளுக்கு மயக்கம் கொடுக்கும் மருந்தை ஜன்னல் வழியாகத் தெளித்துவிட்டு உள்ளே வந்தவர்கள் அதே காலனி ஆண்கள். பாதிக்கப்பட்டவர்கள் நூற்றுக்கும் மேல். அதில் சின்னஞ்சிறு குழந்தைகளும் உண்டு, பாட்டிமார்களும் உண்டு. 2011இல் ஏழு பேருக்கு 25 ஆண்டுச் சிறை. அவர்களுக்கு மயக்க மருந்தை விநியோகித்தவருக்குப் பன்னிரண்டரை ஆண்டு.

நாவலை எழுதிய மிரியம் டேவ்ஸ் 1964இல் கனடாவில் ஒரு மெனோனைட் ஊரில் பிறந்து வளர்ந்தவர். நாவல் 2018இல் வந்தது. 2022இல் சாரா பாலி அதைப் படமாக எடுத்தார்; தழுவல் திரைக்கதைக்கான ஆஸ்கர் அதற்குக் கிடைத்தது.

படம் பார்த்துவிட்டேன். புத்தகமும் படிக்க வேண்டுமா?

ஆமாம். படத்தில் கதை சொல்கிறவள் ஒரு சிறு பெண். புத்தகத்தில் ஆகஸ்ட் எப் என்ற பள்ளி ஆசிரியர், ஒரு ஆண், பெண்களின் கூட்டத்துக்குக் குறிப்பெடுப்பவராக உட்கார்ந்து சொல்கிறார். அந்தப் பெண்களுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அவர் எழுதுவதும் ஆங்கிலத்தில். தாங்கள் வாசிக்கவே முடியாத ஒரு கூட்டக் குறிப்பை அவர்கள் ஏன் எழுதச் சொல்கிறார்கள் என்பதுதான் நாவலின் பெரிய புதிர். படத்தில் அந்தப் புதிர் போய்விட்டது. எனக்கு அதில் வருத்தம். படம்தான் சரி, பெண்கள் கதையை ஏன் ஒரு ஆண் சொல்ல வேண்டும் என்று கேட்பவர்களும் எங்கள் குழுவில் இருக்கிறார்கள். வந்து வாதாடுங்கள்.

ஒரு பரணில் உட்கார்ந்து பேசிக்கொண்டே இருப்பதுதான் முழு நாவலுமாமே. அலுக்காதா?

முதல் இருபது பக்கம் கொஞ்சம் பொறுங்கள். பிடிபட்டவர்களை ஜாமீனில் எடுக்க ஊர் ஆண்கள் நகரத்துக்குப் போயிருக்கிறார்கள். திரும்பி வர இரண்டு நாள். அதற்குள் பெண்கள் முடிவெடுக்க வேண்டும். ஒன்றும் செய்யாமல் இருப்பது, இருந்து சண்டை போடுவது, கிளம்பிப் போய்விடுவது என்று மூன்று வழி. எழுத்து தெரியாததால் மூன்றுக்கும் படம் வரைந்து ஓட்டுப் போடுகிறார்கள். கடைசி இரண்டும் சரிசமமாக வந்துவிட, இரண்டு குடும்பத்துப் பெண்களிடம் முடிவு ஒப்படைக்கப்படுகிறது. நாவல் அங்கிருந்து தொடங்குகிறது. வன்முறைக் காட்சி ஒன்றுகூட நேரடியாக இல்லை.

கிரேட்டா என்ற கிழவிக்கு இரண்டு குதிரைகள். பேச்செடுத்தால் அந்தக் குதிரைகள்தான். பக்கத்து நாய் பாய்ந்து வந்தால் என் குதிரைகள் கூட்டம் போட்டா பேசுகின்றன, ஓடிவிடுகின்றன அல்லவா என்கிறாள். நாம் மிருகங்கள் இல்லையே என்கிறாள் இன்னொருத்தி. இத்தனை நாள் நம்மை அப்படித்தானே நடத்தினார்கள் என்று பதில் வருகிறது. இப்படி ஒரு குதிரையிலிருந்து கிளம்பி மனிதர் யார் என்ற இடத்துக்கு மூன்றே வரியில் போய்விடுகிறார்கள். பதின்ம வயது மகன்களை விட்டுப் போவதா, கூட்டிப் போவதா? நாளைக்கு அவர்களும் அப்பன் மாதிரி ஆகிவிட்டால்? இதைப் பேசும் பக்கங்களில் எங்கள் குழுவின் அம்மாக்கள் யாரும் வாயைத் திறக்கவில்லை, வெகு நேரம்.

இது வெள்ளைக்காரர்கள் எழுதும் வகைதானே? தமிழில் ஏது?

இந்தக் கேள்விக்காகத்தான் இவ்வளவு எழுதுகிறேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

1936இல், நம் பாட்டிகள் காலத்தில், மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் 'தாசிகள் மோசவலை அல்லது மதிபெற்ற மைனர்' என்ற நாவலை எழுதினார். 1883இல் பிறந்தவர், தேவதாசி முறையை வெளியிலிருந்து பார்த்து எழுதியவர் அல்ல, அந்தச் சமூகத்திலேயே பிறந்து வளர்ந்து அதை ஒழிக்க மேடை ஏறியவர். கோவிலும் குலமும் பணக்கார மைனரும் சேர்ந்து பின்னிய வலையை உள்ளே இருந்தவரே அவிழ்த்துக் காட்டுகிறார். நாவலாகப் பார்த்தால் குறைகள் உண்டு. பாத்திரங்கள் வாய்திறந்தால் பிரசங்கம். பக்கக் கணக்கில் போகும். படிக்கும்போது எனக்கே சில இடங்களில் கொட்டாவி வந்தது. ஆனால் ஒன்று பாருங்கள்: அந்தப் பெண்களுக்கு அதற்கு முன் மேடையே கிடையாது. முதன்முதலாகக் கிடைத்த மேடையில் பேசுகிறவர்கள் நீளமாகத்தான் பேசுவார்கள். பெண்களைக் கோவிலுக்கு நேர்ந்துவிடும் பொட்டுக்கட்டும் வழக்கத்தைத் தடை செய்யும் சட்டம் சென்னை மாகாணத்தில் 1947இல்தான் வந்தது. நாவல் அதற்குப் பதினோரு வருடம் முந்தியது.

அடுத்து சல்மாவின் 'இரண்டாம் ஜாமங்களின் கதை', 2004. திருச்சிப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றின் முஸ்லிம் வீடுகள். இங்கே கொடுமைக்காரன் என்று ஒருவனைச் சுட்டிக்காட்ட முடியாது, அதுதான் இந்த நாவலின் கெட்டிக்காரத்தனம். காவல் காப்பதும் பெண்கள், ராத்திரியில் கூடி உட்கார்ந்து புருஷன்மாரைப் பற்றிக் கூசாமல் பேசிச் சிரிப்பதும் பெண்கள். சிறுமி ராபியாவை அடிக்கிற அம்மாவை வெறுக்கத் தோன்றும். இன்னும் நாலு அத்தியாயம் போனால் அந்த அம்மாவுக்காக மனசு கிடந்து அடித்துக்கொள்ளும். சல்மா வயசுக்கு வந்ததும் பள்ளியிலிருந்து நிறுத்தப்பட்டு வீட்டுக்குள் வைக்கப்பட்டவர், ஒளிந்து ஒளிந்து கவிதை எழுதியவர், பிறகு பஞ்சாயத்துத் தலைவரானவர். அந்த வீடுகளின் மூச்சுக்காற்று அவருக்குத் தெரியும்.

பாமாவின் 'கருக்கு' (1992) நாவல் என்பதைவிடத் தன்வரலாறு. கன்னியர் மடத்துக்குள் சாதி என்ன செய்கிறது என்று உள்ளே போய் வாழ்ந்து பார்த்து, வெளியே வந்து எழுதியது. பாலியல் கொடுமை பற்றியதல்ல. ஆனாலும் கீழ்ப்படிதலைப் புனிதமாக்கிவிட்டால் அநியாயத்தைக் கேட்க ஆளே இருக்காது என்பதை இவ்வளவு துலக்கமாகச் சொன்ன புத்தகம் குறைவு. பட்டியலில் கட்டாயம் இருக்க வேண்டும் என்று நான்தான் பிடிவாதம் பிடித்தேன்.

இந்தப் பெண்கள் ஏன் போலீசுக்குப் போகவில்லை? கிளம்பிப் போயிருக்கலாமே?

ஒவ்வொரு கூட்டத்திலும் யாராவது ஒருவர், பெரும்பாலும் நல்ல மனசுக்காரர், இதைக் கேட்டுவிடுகிறார்.

போவதென்றால் எங்கே? அம்மா, அக்கா, பிள்ளைகள், தோழிகள், பேசத் தெரிந்த ஒரே மொழி, செத்தால் புதைக்கும் இடம் எல்லாம் உள்ளேதான். சொர்க்கமும் உள்ளேதான் என்று சின்ன வயதிலிருந்து சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். சபையை விட்டு விலக்கினால் மறுமையும் போச்சு. பொலிவியாப் பெண்கள் காவல் நிலையத்துக்கே நடந்து போயிருந்தாலும், சொன்னதை மொழிபெயர்க்க ஒரு ஆணைத்தான் தேட வேண்டியிருந்திருக்கும்.

சொன்னவர்களுக்கு என்ன ஆயிற்று என்று பார்ப்போம். ஹரியானாவின் சிர்சாவில் இருக்கும் தேரா சச்சா சௌதா ஆசிரமத்துத் துறவிப் பெண் ஒருவர் 2002இல் ஆசிரமத் தலைவர் தங்களைப் பாலியல் வல்லுறவு செய்கிறார் என்று அன்றைய பிரதமர் வாஜ்பாயிக்குப் பெயர் போடாமல் கடிதம் எழுதினார். அதை வெளியிட்ட உள்ளூர்ப் பத்திரிகையாளர் அதே ஆண்டு சுடப்பட்டு இறந்தார். ஆசிரமத் தலைவர் குர்மீத் ராம் ரஹீமுக்குப் பாலியல் வல்லுறவு வழக்கில் 20 ஆண்டுச் சிறை விதிக்கப்பட்டது 2017 ஆகஸ்டில். நடுவே பதினைந்து வருடம். அந்தப் பதினைந்து வருடம் அந்தப் பெண் தினம் காலையில் எழுந்து என்ன செய்திருப்பார், யாரோடு பேசியிருப்பார் என்று செய்தித்தாள் சொல்லாது. கதை எழுதுகிறவர்கள் நுழைய வேண்டிய இடம் அது.

சிங்கப்பூரில் இப்படியெல்லாம் கிடையாதே. நமக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

வேலி போட்ட காலனி இங்கே கிடையாது, ஒப்புக்கொள்கிறேன். மின்தூக்கியில் இறங்கினால் பேருந்து நிறுத்தம், அடுத்த தெருவில் காவல் நிலையம். ஆனால் மூடிக்கொள்ளச் சுவர் வேண்டியதில்லை. கல்யாணம் பேசுவது, வேலைக்குச் சொல்லிவிடுவது, பிள்ளைக்குப் பேர் வைப்பது, கடன் கொடுப்பது, இறந்தால் தூக்க வருவது எல்லாம் ஒரே பிரார்த்தனைக் குழுவைச் சேர்ந்த முப்பது குடும்பமாகவே இருந்தால், நாலறை வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டுக்குள்ளும் ஒரு காலனி இருக்கும். துணைவர் விசாவில் வந்து, ஊரில் யாரையும் தெரியாமல், வெள்ளிக்கிழமை பஜனையில் கிடைத்த அக்கா தங்கைகளை மட்டுமே நம்பி இருக்கும் ஒரு பெண்ணை நினைத்துப் பாருங்கள். எந்த மதம் என்று கேட்காதீர்கள். எல்லாவற்றிலும் எழுதலாம்.

மத நல்லிணக்கச் சட்டம் இருக்கிற ஊரில் இதை எழுதலாமா? சிக்கல் வராதா?

சமய நல்லிணக்கப் பராமரிப்புச் சட்டம் 1990இல் நிறைவேறியது, 2019இல் திருத்தப்பட்டது. ஒரு சமயத்தார்மீது பகையையும் வெறுப்பையும் தூண்டுவதுதான் அதன் முக்கியக் கவலை. தன் சமூகத்துக்குள் அதிகாரத்தைத் தவறாகப் பயன்படுத்தும் ஒருவரைப் பற்றிக் கதை எழுதுவது வேறு விஷயம். நான் வக்கீல் இல்லை; எழுதுகிறவளாகச் சொல்கிறேன். குற்றத்தைச் செய்தவன்மீது வையுங்கள், மறைத்தவர்கள்மீது வையுங்கள். அவர்கள் கும்பிடும் சாமிமீது வைக்காதீர்கள். இருக்கிற கோவிலையோ சபையையோ பள்ளிவாசலையோ அடையாளம் தெரிகிற மாதிரி எழுதாதீர்கள். பக்கத்து வீட்டுச் சமயத்தை விட்டுவிட்டு உங்கள் வீட்டுச் சமயத்தை எழுதுங்கள். உங்களுக்கு அதுதான் தெரியும், கதையும் நன்றாக வரும்.

நானும் ஒரு கதை எழுதிக்கொண்டிருக்கிறேன். அந்தக் கொடுமையை எவ்வளவு காட்டுவது?

உங்களுக்குத் தோன்றுவதில் பாதிகூட வேண்டாம். இந்த வகையில் கெட்டுப்போகும் கதைகளைக் கெடுப்பது பெரும்பாலும் ஒரே விஷயம்தான்: எழுதுகிறவர் அறைக் கதவைத் திறந்து உள்ளே போய் நின்றுகொள்கிறார். உங்கள் கதை அங்கே இல்லை. அது முடிந்த பிறகு அடுக்களையில் நடக்கிறது. எழுத்துப் பயிற்சிக்காக நானே எழுதிக் குழுவில் கொடுத்த துண்டு இது. உட்லண்ட்ஸில் ஒரு வீடு, பஜனை முடிந்து பெண்கள் டம்ளர் கழுவுகிறார்கள்:

"ஐயாவுக்குப் பால் கொண்டுபோய்க் குடும்மா."

"நீங்க போங்க சித்தி."

"நான் போனா நல்லாவா இருக்கும்? உன் கையால கொடுத்தாத்தான் குடிப்பாரு."

"அதனாலதான்."

சித்தி குழாயை மூடினாள்.

இவ்வளவுதான். என்ன நடந்தது என்று ஒரு வார்த்தை இல்லை. இனி சித்தி என்ன சொல்கிறாள் என்பதை எழுதி வாருங்கள் என்றேன். பாதிப் பேர் "எனக்கு அப்பவே தெரியும்" என்று எழுதினார்கள். அவசரம், கதை அங்கேயே தீர்ந்துவிடுகிறது. மற்றவர்கள் "ஐயாவைப் பத்தி அப்படிப் பேசாதே" என்று எழுதினார்கள். எல்லாருக்கும் தெரிந்த சித்தி அவள். ஒருவர் மட்டும், இதற்குமுன் கதையே எழுதாத ஒரு கணக்காளர், இப்படி எழுதி வந்தார்: "சர்க்கரை போட்டாச்சா?" என்று கேட்டுவிட்டு சித்தியே டம்ளரை எடுத்துக்கொண்டு போகிறாள். மறுவாரமும் அவளே போகிறாள். அதற்கடுத்த வாரமும். ஒன்றும் கேட்கவில்லை, ஒன்றும் சொல்லவில்லை, அந்தப் பெண்ணை மட்டும் அனுப்புவதில்லை. அவளுக்குத் தெரியுமா? தெரிந்தும் ஏன் வாரா வாரம் அங்கே போகிறாள்? அவளுக்கும் முன்பு நடந்ததா? கதை எங்கே இருக்கிறது என்று இப்போது தெரிகிறதல்லவா?

இன்னொன்று. கொடுமை செய்கிறவனுக்கு வில்லன் வசனம் எழுதாதீர்கள். அவன் பொறுமை, சேவை, கர்மா, ஊழியம், சரணாகதி என்று நல்ல வார்த்தைகளாகத்தான் பேசுவான். பாதிக்கப்பட்டவளும் அதே வார்த்தைகளைச் சொல்லித்தான் சாமி கும்பிடுகிறாள். அவளிடமிருந்து அந்த வார்த்தைகளும் போய்விடுவது தனிக் கொடுமை.

கடைசியில் அவள் மன்னிக்க வேண்டுமா? சாமியை விட்டுவிட வேண்டுமா?

இரண்டும் கட்டாயமில்லை. 'விமன் டாக்கிங்' பெண்கள் கடைசிவரை விசுவாசிகள்தான், துதிப்பாடல்கள் பாடுகிறார்கள். அவர்களுடைய சிக்கலே அதில்தான் இருக்கிறது: மன்னிக்காவிட்டால் பரலோகம் இல்லை என்கிறார்கள் சபை மூப்பர்கள். கட்டாயப்படுத்தி வாங்கிய மன்னிப்பு மன்னிப்பாகுமா என்று அவர்கள் மணிக்கணக்கில் பேசுகிறார்கள்.

நம்மிடம் இதைவிடக் கூர்மையாக ஒன்று இருக்கிறது. புதுமைப்பித்தனின் 'சாப விமோசனம்' படியுங்கள். ராமன் பாதம் பட்டு உயிர்பெற்ற அகலிகையைக் கோதமன் ஏற்றுக்கொள்கிறான். பிறகு சீதை வந்து தீக்குளித்த கதையைச் சொல்கிறாள். அவரா, ராமனா அப்படிக் கேட்டார் என்று அகலிகை அதிர்ந்துபோகிறாள். கடைசியில் மறுபடி கல்லாகிவிடுகிறாள். தன்னைப் புனிதமாக்கியவனே இன்னொருத்தியிடம் நிரூபித்துக்காட்டு என்று கேட்டிருக்கிறான் என்றால் அந்தப் புனிதத்துக்கு என்ன விலை? எழுதி எண்பது வருடமாகிவிட்டது. இன்னும் இதற்குப் பதில் சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை.

படிக்கும்போது எனக்கு நடந்தது ஞாபகம் வந்தால்?

புத்தகத்தை மூடி வைத்துவிடுங்கள். கூட்டத்தில் சொல்ல வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை; நாங்கள் வாசகர்கள், ஆலோசகர்கள் அல்லர்.

பேச ஆள் வேண்டுமானால் தேசிய வன்முறை, பாலியல் துன்புறுத்தல் தடுப்பு உதவி எண் 1800-777-0000, இருபத்துநாலு மணிநேரமும். 'அவேர்' என்ற பெண்கள் அமைப்பிலும் பாலியல் தாக்குதலுக்கு ஆளானவர்களுக்கென்றே தனிப் பிரிவு உண்டு. மூன்று விஷயம் பலருக்குத் தெரிவதில்லை. சிங்கப்பூரில் குற்ற வழக்குக்குக் காலக்கெடு இல்லை. இருபது வருடம் கழித்தும் புகார் கொடுக்கலாம். மனைவியை வல்லுறவு செய்தவனுக்குக் கணவன் என்பதால் கிடைத்துவந்த விலக்கும் 2020 ஜனவரி 1 முதல் கிடையாது. குடும்ப வன்முறைக்கான பாதுகாப்பு ஆணை முஸ்லிம்கள் உட்பட எல்லாருக்கும் பொருந்தும். மாதர் சாசனம் என்ற குடும்பச் சட்டத்தின் திருமணப் பகுதிகள் முஸ்லிம்களுக்குப் பொருந்தாது என்பதால் பலர் இதையும் கிடைக்காது என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

ஆண்கள் வரலாமா?

வரலாம். கூட்டக் குறிப்பு எழுதும் வேலை உங்களுக்கு. ஆகஸ்ட் எப் செய்ததைத்தான் கேட்கிறோம். "எல்லா ஆண்களும் அப்படி இல்லை" என்று தொடங்குவதாக இருந்தால், அதைக் குறிப்பின் முதல் வரியாக நீங்களே எழுதிவிட்டு மேலே போகலாம், நேரம் மிச்சம்.

தமிழ்ப் புத்தகங்களில் எதை முதலில் படிப்பது?

'சாப விமோசனம்' சிறுகதை, அரை மணி நேரம் போதும். பிறகு 'கருக்கு', மெல்லிய புத்தகம். சல்மாவின் நாவல் தடிமன், பாத்திரங்கள் நிறைய. யார் யாருக்கு என்ன உறவு என்று ஒரு தாளில் குறித்துக்கொண்டே படியுங்கள், இல்லையென்றால் மூன்றாம் அத்தியாயத்தில் தொலைந்துபோவீர்கள். இராமாமிர்தம் அம்மையாரை அவசரமில்லாமல் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். தேசிய நூலகத்தின் தளத்தில் தேடிவிட்டுப் போங்கள். வெளியே போயிருந்தால் முன்பதிவு செய்து வையுங்கள். குழுவில் எல்லாரும் ஒரே வாரத்தில் தேடுவதால் பிரதிக்கு அடிதடி.